கொதித்த நீரிலும் சாகாதது

செப்டம்பர் 14, ஞாயிறு

மார்ச் மாதத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நறுமுகைக்கு ஒன்பது வயது. கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் ஏன், எப்படி என்று கேட்கிற பிள்ளை. இப்போதும் கேட்கிறாள், என்னிடம் இல்லை. இன்று காலை மாடிப்படியில் அவள் குரல் கேட்டது: "மாமா, நிலா ஏன் பகல்லயும் தெரியுது?" கேட்டது மூன்றாம் மாடிக் குற்றாலிங்கத்திடம். அவன் ஒரே வரியில் பதில் சொன்னான். அவள் "ஓ!" என்றாள். அறிவியலை ஒரு வரியில் சொல்கிறவனுக்கு முனைவர் பட்டம். எம்.எஸ்சி., எம்.ஃபில். இயற்பியல் முடித்த ஆவுடையப்பனாகிய நான் தனியார் கல்லூரியில் இன்னமும் உதவிப் பேராசிரியர்.

மார்ச்சில் அவள் என்னிடம் கேட்டது வானம் ஏன் நீலம் என்று. ஒளி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். அடிப்படை இல்லாமல் நீலத்துக்கு வர முடியாது. நான் நீலத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் தூங்கியிருந்தாள். இந்தக் காலப் பள்ளிகள் பிள்ளைகளின் கவனத்தை எந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கின்றன என்பதற்கு இது சான்று.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வீட்டிலேயே கையால் செய்து பார்க்கிற அறிவியல் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். செய்யும்போது சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவனைத்தான் கேட்டாக வேண்டும். பக்கத்தில் நான் இருப்பேன்.

கோமதி மறுபடியும் பிள்ளையாரைப் பற்றிப் பேசினாள். சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையார் இன்னும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறார். ஆற்றில் கரைக்க வண்டியில் கூட்டிப் போக வேண்டுமாம். பெட்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நேரமில்லை என்றேன். பிள்ளையார் தன் குன்றிமணிக் கண்களால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 17, புதன்

முதல் பெட்டி வந்தது. எரிமலை. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்குகிறது. பூமிக்கடியில் பாறை உருகுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? இது எரிமலை என்றால் எங்கள் கல்லூரி கேன்டீன் சோடா பாட்டிலும் எரிமலைதான். திருப்பி அனுப்பினேன்.

நறுமுகை பள்ளியிலிருந்து வந்து, "பெட்டி வந்துச்சாம்லா, எங்கேப்பா?" என்றாள். தேறவில்லை என்றேன்.

செப்டம்பர் 20, சனி

இரண்டாவது பெட்டியின் மேல் "101 சோதனைகள்" என்று போட்டிருக்கிறது. உட்கார்ந்து எண்ணினேன். அறுபத்து நான்குக்கு மேல் தேறவில்லை. அதில் ஒன்று "பெட்டியைத் திறந்து பொருள்களைச் சரிபார்". திருப்பி அனுப்பினேன்.

ஃபிரிட்ஜ் மேல் பிள்ளையாரைக் காணோம். கேட்டால், "கரைச்சாச்சு" என்றாள் கோமதி. ஆற்றுக்கு யார் கூட்டிப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வண்டியை எடுக்கச் சொல்லாதவரை நல்லது.

செப்டம்பர் 22, திங்கள்

மூன்றாவது பெட்டி, காந்தம். வட துருவம் என்று எழுதிய முனை வடக்கே திரும்ப மறுக்கிறது. சாயத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க பாப்பாவுக்கு என்ன வயசு சார்?"

"ஒன்பது. ஆனால் புகார் என்னுடையது."

"பாப்பா விளையாடிப் பார்த்துட்டாங்களா சார்?"

"அவள் இன்னும் தொடவில்லை. நான் சோதித்துத் தேறினால்தான் அவள் கைக்குப் போகும்."

"சார், ஒரே ஒரு தடவ பாப்பா கையில குடுத்துப் பாருங்களேன் சார்" என்றாள். வட துருவத்தைப் பற்றிய கேள்விக்கு இது பதிலா? அவளுடைய மேலதிகாரியைக் கேட்டேன். பாட்டுப் போட்டார்கள். அதே பாட்டு மூன்று தடவை ஓடி முடிந்ததும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

செப்டம்பர் 24, புதன்

லிஃப்டில் குற்றாலிங்கம்.

"என்ன வே ஆவுடை, தெனம் ஒரு பெட்டி வருது, தெனம் ஒரு பெட்டி போவுது. கொரியர்காரரு தலைதீபாவளி மாப்பிள மாதிரில்லா உம்ம வீட்டுக்கு வந்துட்டும் போய்ட்டும் இருக்காரு!"

"தரம் பார்க்கிறேன்."

"பிள்ளைக்கு என்ன வேணும்னு பிள்ளகிட்ட கேட்டீரா வே? சோப்பு செய்யுத பெட்டி வேணும்னு எங்கிட்ட சொல்லிச்சு."

இரண்டாம் மாடி வந்ததும் இறங்கிவிட்டேன். என்னிடம் சொல்லாததை இவனிடம் சொல்லியிருக்கிறாள்.

இவன் யார் என்பதை எழுதிவைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நானும் இவனும் ஒரே வகுப்பு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஒரே ஓர் இடம். நேர்முகத் தேர்வில் இவனிடம் எட்டுக் கேள்வி கேட்டார்கள். என்னிடம் ஒன்றே ஒன்று. அதற்கு நான் முழுமையாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது, பிறகு மதியச் சாப்பாடும் வந்துவிட்டது. இடம் இவனுக்குப் போனது. இருபத்தெட்டு வருடம் கழித்து, பாளையங்கோட்டையில் இத்தனை குடியிருப்புகள் இருக்க, என் தலைக்கு மேலேயே வீடு வாங்கி வந்து சேர்ந்திருக்கிறான். வந்த வருடமே குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவன் வீட்டுப் படியை நான் இன்றுவரை மிதித்ததில்லை.

சோப்பாம். சோப்பு செய்ய அறிவியல் எதற்கு? கடையில் கிடைக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

இந்தக் கணக்கிலிருந்து இனிமேல் எதையும் திருப்பி அனுப்ப முடியாது என்று பெட்டிகளை விற்கும் இணைய நிறுவனம் செய்தி அனுப்பியிருக்கிறது. "தங்கள் வழக்கத்துக்கு மாறான பயன்பாட்டை முன்னிட்டு." தரம் கேட்பது வழக்கத்துக்கு மாறானதாகிவிட்டது இந்த நாட்டில்.

அடுத்து வாங்குவதுதான் கடைசி. நுண்ணோக்கியைத் தேர்ந்தெடுத்தேன். அதில் வாதத்துக்கு இடமில்லை. இருப்பது தெரியும், இல்லாதது தெரியாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

வந்துவிட்டது. நுண்ணோக்கி, கண்ணாடித் தகடுகள், ஒரு பிளாஸ்டிக் டிராப்பர். காலாண்டு விடுமுறையில் வீட்டிலிருக்கும் நறுமுகை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திரிந்தாள். தலைமுடியைப் பார்க்க வேண்டுமாம், எறும்பைப் பார்க்க வேண்டுமாம், சீனியைப் பார்க்க வேண்டுமாம். முதலில் ஒழுங்காகத் தண்ணீரில் தொடங்குவோம் என்றேன். பெட்டியைத் திறப்பதற்குள் கோமதி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நாளை சரசுவதி பூசை.

அக்டோபர் 1, புதன்

பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. மிக்சி, தையல் மெஷின், என் ஸ்கூட்டர், நறுமுகையின் புத்தகங்கள், என் எம்.ஃபில். ஆய்வேடு (கோமதி அடுக்குக்கு முட்டுக் கொடுக்க வைத்தது), எல்லாவற்றின் மீதும் சந்தனமும் குங்குமமும். நுண்ணோக்கியின் கழுத்தில் ஒரு பொட்டு. தகட்டுப் பெட்டியில் ஒரு பொட்டு. டிராப்பரின் நுனிக்கும் ஒரு பொட்டு.

"அதுக்குமா?" என்றேன்.

"அது மட்டும் என்ன பாவம் செஞ்சுது?" என்றாள்.

பொரி கடலை நமுத்திருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலையில் பூசையைப் பிரித்ததும் நானும் நறுமுகையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன்.

அதில் உயிர் இருக்கிறது.

சிவப்பு. கோணல்மாணலான சிறு உடல்கள், நூற்றுக்கணக்கில். எல்லாம் அசைகின்றன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, நிற்காமல், திசையில்லாமல் துடிக்கின்றன. இப்படி ஒன்றை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

நறுமுகையும் பார்த்தாள். "செவப்பா இருக்குப்பா" என்றாள். கவனிக்கிற பிள்ளை.

இந்தத் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. தொட்டிக்குப் பொறுப்பு சங்கச் செயலாளர்.

அக்டோபர் 3, வெள்ளி

முறைப்படி ஒப்பீட்டுச் சோதனை நடத்தினேன். ஆய்வில் கருவி மாறக் கூடாது என்பதால் எல்லாவற்றுக்கும் அதே டிராப்பர்.

விலைக்கு வாங்கும் கேன் தண்ணீர்: இருக்கிறது.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்: இருக்கிறது. கொதித்த நீரிலும் சாகவில்லை!

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர்: அதிலும் இருக்கிறது.

குற்றாலிங்கத்தின் தொட்டியில் பிறந்து குடியிருப்பு முழுவதும் காற்றில் பரவியிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. உயிரினத்துக்குப் பெயரும் வைத்துவிட்டேன்: ஆவுடையா நெல்லையென்சிஸ். முனைவர் பட்டம் இருக்கிறவர்களில் எத்தனை பேர் பெயரில் ஓர் உயிரினம் இருக்கிறது?

நறுமுகை நாள் முழுவதும் என் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாள். நான் தகட்டை நீட்டச் சொன்னால் நீட்டினாள். சாயங்காலம், "அப்பா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். பேட்டரி நீர் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். "பிறகு கேள், இப்போது ஆராய்ச்சி நடக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் டிராப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாலையில் அறிவித்தேன்.

அக்டோபர் 4, சனி

குழு கொதிக்கிறது. தரைத்தள எஸ்தர் டீச்சர், "சார், நேத்து அந்தத் தண்ணியிலதான் பிரியாணி செஞ்சோம், என்ன செய்ய?" என்று குரல்பதிவு அனுப்பினார். கவனித்துவரும்படி சொன்னேன். அவர் வீட்டில் நாலு பேரும் ஆளாளுக்கு நாக்கைப் படம் எடுத்து அனுப்பினார்கள். முதல் மாடிக்காரர் தண்ணீரே வேண்டாம் என்று இளநீரில் பல் தேய்த்திருக்கிறார்.

குற்றாலிங்கம் ஒரு வரி எழுதினான்: "நாளைக்குத் தொட்டியை இறைத்துப் பார்த்துவிடலாம்." பயந்துவிட்டான்.

கோமதிக்குத்தான் இதில் அக்கறையே இல்லை. "தொட்டிய ஏன் கெளறுதீய? செவனேன்னு இருக்கக் கூடாதா?" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். நான் முன்னேறுவதை இந்த வீட்டில் யாரும் விரும்பியதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் ஸ்டூல் போட்டு நுண்ணோக்கியை வைத்தேன். குடியிருப்பே கூடிவிட்டது. நாலு பக்க உரை தயாரித்து வைத்திருந்தேன். "நீர் என்றால் என்ன" என்ற முதல் பத்தி முடிவதற்குள், வாட்ச்மேன் சுடலை தொட்டிக்குள்ளிருந்து கத்தினார்.

"சார், அடியில ஒரே களிமண்ணா கெடக்கு!"

வாளியில் அள்ளி மேலே அனுப்பினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சேற்றுக்கு நடுவில் இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன. சிவப்பு, உச்சியில் கறுப்பு.

"இது குன்றிமணில்லா?" என்றார் எஸ்தர் டீச்சர்.

"பிள்ளையாரு கண்ணு!" என்றார் முதல் மாடிக்காரர். "எவனோ பிள்ளையாரக் கொண்டாந்து குடிக்கிற தண்ணியில கரைச்சிருக்கான். யாரு வீட்டுப் பிள்ளையாருய்யா இது?"

எங்கள் வீட்டுது ஆத்துல, எங்கள் வீட்டுது குளத்துல, எங்கள் வீட்டுது பித்தளை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கோமதிக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்து வேகமாகக் கீழே இறங்கிப் போனாள். வீட்டில் பால் இல்லாமல் காலையில் நாங்கள் கட்டங்காப்பிதான் குடித்தோம்.

குற்றாலிங்கம் ஸ்டூலுக்கு முன்னால் குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு அதன் கழுத்திலிருந்த பொட்டைப் பார்த்தான். டிராப்பரை எடுத்து நுனியைப் பார்த்தான். தன் விரலில் தேய்த்து, விரலையும் பார்த்தான். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்:

"ஆவுடை சொன்னது சரிதான். பிள்ளையாரு மேல இருந்த சாயந்தான் தண்ணியில கலந்திருக்கு. அவரு கண்டுபிடிக்கலன்னா நாம இன்னும் ஆறு மாசம் இதத்தான் குடிச்சிருப்போம். தொட்டி கழுவிப் பல வருசமாச்சு, அது என் தப்பு."

கை தட்டினார்கள். எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவன் என் காதருகே வந்தான். "வே, உம்ம எம்.ஃபில். தலைப்பு என்ன?"

சொன்னேன். திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத இயக்கம்.

"அதுக்கு உயிர் வேணுமா வே?" என்றான். "போயி டிராப்பரக் கழுவும்." படியிறங்கிப் போய்விட்டான்.

அதே நாள், மாலை

கழுவினேன். கேன் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பேட்டரி நீரிலும் ஒன்றுமில்லை.

ஆவுடையா நெல்லையென்சிஸ் இனம் முழுவதும் அழிந்துவிட்டது. கண்டுபிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நறுமுகை கதவோரம் நின்றிருந்தாள். அன்றைக்கு என்ன கேட்க வந்தாய் என்றேன்.

"அம்மா அதுக்குப் பொட்டு வச்சாங்கள்லா, கழுவாண்டாமான்னு கேக்க வந்தேன்." கொஞ்சம் யோசித்து, "ஒங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சுல்லாப்பா, அதான் பொறவு கேக்கல" என்றாள்.

குற்றாலிங்கம் அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். இதைவிட நல்ல வாய்ப்பு அவனுக்குக் கிடைக்காது. காட்டிக்கொடுக்கவில்லை. உதவித்தொகையைக்கூட ஒருநாள் மறப்பேன். இதை மன்னிக்கவே முடியாது.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. நுண்ணோக்கியைப் பரணில் போடலாமா என்று பார்த்தேன். நறுமுகை காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அதில் எறும்பைப் பார்த்திருக்கிறாள். எறும்பு இன்னும் அதில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மாலையில் கோமதி தாம்பாளத்தோடு வந்தாள்.

"ஊருக் கண்ணு பூரா ஒங்க மேலதான். கெழக்க பாத்து நில்லுங்க, ஆரத்தி சுத்தணும்."

"கண்ணேறு என்பதற்கு எந்த ஆதாரமும்..."

"நில்லுங்கன்னா நில்லுங்க. எங்கண்ணும் அதுல இருக்கு." இரண்டு நாளாக வழக்கத்துக்கு மாறாக அன்பாக இருக்கிறாள். நேற்று அவியல், இன்று சொதி. காரணம் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த சதுர்த்திக்குப் பிள்ளையாரை வண்டியில் ஆற்றுக்கு நானே கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொன்னேன். தாம்பாளம் லேசாக ஆடியது.

தாம்பாளத்தை நறுமுகை பிடித்துக்கொண்டாள். கோமதி மஞ்சள் தண்ணீரில் ஒரு விரல் சுண்ணாம்பைக் கரைத்தாள். தண்ணீர் ரத்தச் சிவப்பாகியது. நறுமுகை அதையே பார்த்தாள். நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மஞ்சத் தண்ணியில வெள்ளச் சுண்ணாம்பப் போட்டா எப்படிப்பா செவப்பாவும்?"

வாயைத் திறந்தேன். அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன, நிறம் என்றால் என்ன, எல்லாம் நாக்கு நுனியில் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நின்றன. ஒளியிலிருந்து தொடங்க வேண்டும். அவள் கண் அகலத் திறந்திருந்தது.

"எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றேன்.

"ஆரத்தியில எலுமிச்சையா? யாராவது கேட்டாச் சிரிப்பாங்க" என்றாள் கோமதி. ஆனாலும் நறுக்கிக் கொண்டுவந்தாள்.

"பிழி" என்று நறுமுகையிடம் கொடுத்தேன்.

பிழிந்தாள். சாறு விழுந்த இடத்தில் சிவப்பு வெளுத்து, வட்டமாக விரிந்து, தாம்பாளம் முழுக்க மறுபடியும் மஞ்சளானது. அவள் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"மறுபடி செவப்பாவுமாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? போட்டுப் பார்."

சுண்ணாம்பு போட்டாள். சிவந்தது. பழத்தைப் பிழிந்தாள். மஞ்சளானது. புளித்தண்ணி ஊத்தினா? சோப்புத் தண்ணி ஊத்தினா? மோர் ஊத்தினா? எச்சி துப்பினா? கேள்வி மேல் கேள்வியாக வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னேன்: போட்டுப் பார். ஒரு வரி கூட இல்லை, இரண்டே சொல். கண்ணேறு என் தலையில் அப்படியே இருக்கிறது, கழிக்க எல்லோரும் மறந்துவிட்டோம்.

"குத்தாலிங்கம் மாமாகிட்ட காட்டணும்!" என்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று, "அப்பா, பழத்த எடுத்துட்டு வாங்க! பழம் இல்லாம எப்படிக் காட்ட?" என்றாள்.

பழம் என் கையில்தான் இருந்தது. ஏறினேன்.

கதவைத் திறந்தவன் தாம்பாளத்தைப் பார்த்தான், நறுமுகையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "வாரும் வே" என்றான். கையிலிருந்ததை நீட்டினேன். பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் எலுமிச்சம்பழம் கொடுப்பது ஊர் வழக்கம். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அது பாதி பிழிந்த பழம், மரியாதைக்காகக் கொடுத்தது அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

காப்பி பரவாயில்லை.